கொடை நுரையீரலின் தரமறிதல்: பெங்களூரை முன்வைத்து

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் நுரையீரல் இன்னொருவரின் மார்புக்குள் வேலை செய்யுமா, செய்தால் எவ்வளவு நன்றாகச் செய்யும் என்று முன்கூட்டிக் கணிப்பதே கொடை நுரையீரலின் தரமறிதல். 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,099 பேரின் உறுப்புகள் இறப்புக்குப் பின் தானமாகக் கிடைத்தன. நடந்த நுரையீரல் மாற்று சிகிச்சைகள் 197. ஐந்து கொடையாளர்களில் நான்கு பேருக்கும் மேல், அவர்களுடைய நுரையீரல் யாருக்கும் பயன்படாமல் போயிற்று என்பது இதன் பொருள். இரத்த வகையும் அளவும் பொருந்தும் நோயாளி கிடைக்காதது, அறுவை செய்யும் குழு அருகில் இல்லாதது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் ‘தரம் போதாது’ என்ற தீர்ப்பே இவற்றில் முக்கியமானது. அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை அளவை வைத்து எழுதிவிடுகிறோம். நுரையீரலின் தரமோ மணிக்கு மணி மாறக்கூடியது, சிகிச்சையால் உயர்த்தக்கூடியது. ஆகவே முதலில் சிகிச்சை, பிறகு அளவீடு, அதன் பிறகே முடிவு என்பதுதான் சரியான வரிசை. கர்நாடகத்தின் தலைநகரான பெங்களூரை வைத்துப் பார்த்தால் இந்த வரிசையின் அவசியம் தெளிவாகத் தெரியும்.

தலைக்காயம் பட்டவர்களுக்காகத் தென்னிந்தியாவே நாடிவரும் நிம்ஹான்ஸ் இந்த நகரில் இருக்கிறது. காசநோய்க்கும் நெஞ்சக நோய்களுக்குமான ராஜீவ் காந்தி நெஞ்சகநோய் நிறுவனம் அதற்கு அருகிலேயே, ஓசூர் சாலைப் பக்கம் இருக்கிறது. பொம்மசந்திராவின் நாராயணா ஹெல்த் சிட்டி, ஹெப்பாளின் ஆஸ்டர் சி.எம்.ஐ. போன்ற தனியார் மருத்துவமனைகளில் நுரையீரல் மாற்று நடக்கிறது. மாநிலத்தில் எந்த உறுப்பு யாருக்கு என்பதைப் பட்டியல்படி ஒருங்கிணைப்பது ஜீவசார்த்தகதே என்ற அரசு அமைப்பு. மாநிலத்துக்குள் ஏற்பார் இல்லாத உறுப்பு தென்மண்டல அமைப்பின் வழியாக அண்டை மாநிலங்களுக்கும், பின் தேசிய அமைப்பான நோட்டோவுக்கும் போகும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மருத்துவர் தொலைபேசியில் சில எண்களைக் கேட்டு ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? மனிதருக்கு முதல் நுரையீரல் மாற்றை அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி 1963இல் செய்தார். நோயாளி 18 நாள் உயிரோடு இருந்தார். நீடித்த வெற்றி கிடைக்க 1983இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழுவின் அறுவை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொடக்க காலத்து அறுவையாளர்கள் தோல்வியைத் தாங்கும் நிலையில் இல்லை. அதனால் மிகச் சிறந்த நுரையீரல் மட்டுமே வேண்டும் என்று ஒரு வரையறையை வகுத்துக்கொண்டார்கள். வயது 55க்குக் கீழ், எக்ஸ்ரேயில் மார்பு தெளிவு, புகைத்தது 20 ‘பாக்கெட்-ஆண்டு’க்குக் குறைவு, அதாவது நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுக்கு மேற்படாதது, மார்பில் பெருங்காயமோ முன் அறுவையோ இல்லை, வாந்தியோ உணவோ மூச்சுக்குழாயில் இறங்கவில்லை, சளியில் சீழ் இல்லை. இவற்றோடு பி/எஃப் விகிதம் 300க்கு மேல் இருக்க வேண்டும். தமனி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, உள்ளே செலுத்தும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் வருவது இந்த விகிதம். இவற்றில் பெரும்பாலானவை அனுபவத்திலிருந்தும் எச்சரிக்கையிலிருந்தும் பிறந்தவை, ஒப்பீட்டு ஆய்விலிருந்து அல்ல. 2003இல் பன்னாட்டு இதய, நுரையீரல் மாற்றுக் கழகத்துக்காக இவற்றை மீளாய்வு செய்தவர்களே சான்று மெலிந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு இன்னும் நேரடியானது. வேண்டாம் என்று ஒதுக்கிய 29 இணை நுரையீரல்களை ஆய்வகத்தில் எடைபோட்டு, திசுவைப் பார்த்து, காற்றறையிலிருந்து நீரை வெளியேற்றும் திறனையும் சோதித்தார்கள். 12 இணைகள், அதாவது 41 விழுக்காடு, மாற்றுக்குத் தகுந்தவையாக இருந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது.

இந்த 300 என்ற எண்ணைப் பெங்களூரில் வைத்து யோசிக்க வேண்டும். இது கடல்மட்டத்தில் பிறந்த எண். பெங்களூரோ ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம் என்றால் இங்கே ஏறத்தாழ 683தான். முழு ஆக்சிஜன் கொடுத்துச் சோதிக்கும்போது, நீராவிக்கு 47ஐயும் கரியமில வாயுவுக்கு 40ஐயும் கழித்தால், சென்னையில் காற்றறைக்குள் நிற்கும் ஆக்சிஜன் அழுத்தம் 673, பெங்களூரில் 596. நுரையீரல் எந்தப் பிழையும் செய்வதற்கு முன்பே 77 புள்ளி குறைந்துவிடுகிறது. கடும் நுரையீரல் செயலிழப்பை வரையறுக்கும் 2012ஆம் ஆண்டின் பெர்லின் வரையறை, 1,000 மீட்டருக்கு மேலான ஊர்களில் இந்த விகிதத்தைக் காற்றழுத்தத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளச் சொல்கிறது. பெங்களூரு அந்தக் கோட்டுக்கு 80 மீட்டர் கீழே நின்றுவிடுவதால் திருத்தம் கட்டாயம் ஆவதில்லை. அதே சூத்திரத்தை இங்கே போட்டுப் பார்த்தால் பெங்களூரின் 270, கடற்கரை ஊரின் 300க்குச் சமம். நுரையீரலுக்குள் இரத்தம் காற்றைத் தொடாமல் ஒதுங்கிப் போகும் அளவைப் பொறுத்து இந்தத் திருத்தம் கூடும், குறையும். துல்லியமான கணக்கு என்று இதைக் கொள்ளக் கூடாது. ஆனாலும் பெங்களூரில் 280 காட்டும் நுரையீரலை அந்த எண்ணுக்காக மட்டும் விடுவது, சென்னையில் 310 காட்டுவதை விடுவதற்கு ஒப்பானது என்பதைச் சொல்ல இந்தக் கணக்கு போதும்.

தேர்ந்த அறுவையாளர் எவரும் ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து மறுப்பதில்லை என்று இதற்கு மறுமொழி வரலாம். கட்டிலருகே நிற்கும் அறுவையாளரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் முதல் முடிவு கட்டிலருகே எடுக்கப்படுவதில்லை. நள்ளிரவில் தொலைபேசியிலோ கைபேசித் திரையிலோ வரும் ஒரு படிவத்தைப் பார்த்து எடுக்கப்படுகிறது. எண் தனியாகப் பயணம் செய்கிறது. ஊரின் உயரமும், வென்டிலேட்டரில் என்ன அழுத்தம் வைத்திருந்தார்கள் என்பதும், அளவெடுப்பதற்குச் சற்று முன் குழாயைக் கழற்றிச் சளி உறிஞ்சினார்களா என்பதும் அதோடு சேர்ந்து வருவதில்லை.

அளவெடுத்த நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மூளைச்சாவின் உடலியலைப் பார்க்க வேண்டும். மூளைத்தண்டு சாகும் தறுவாயில் உடலில் அட்ரினலின் வகை இயக்குநீர்கள் வெள்ளம்போல் பெருகுகின்றன. இரத்த அழுத்தம் எகிறி, நுரையீரலின் நுண்குழாய்கள் கசிந்து, காற்றறைகளில் நீர் கோக்கிறது. பிறகு அழுத்தம் சரிகிறது. அதைத் தூக்கி நிறுத்த நரம்பு வழியாக லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றப்படுகிறது. அந்தத் திரவமும் நுரையீரலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. இந்தியச் சட்டப்படி மூளைச்சாவை நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும். தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனை இரண்டு தடவையும் உண்டு. அப்போது வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தால் நுரையீரலின் அடிப்பகுதிகள் சுருங்கிப் படிந்துவிடும். அதன் பிறகு உடனே இரத்த வாயு எடுத்தால் எண் மோசமாகத்தான் வரும். சில நிமிடம் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சுருங்கிய பகுதிகளை விரித்துவிட்டு எடுத்தால் அதே நுரையீரல் வேறு எண் காட்டும். 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. 118 கொடையாளர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான பெரிய மூச்சு. மறுபாதிக்கு உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. என்ற சிறு மூச்சு, மூச்சின் இறுதியில் 8 முதல் 10 செ.மீ. நீரழுத்தம், மூச்சுச் சோதனையின்போதும் விடாத அழுத்தம், குழாயைக் கழற்றாமலே சளி உறிஞ்சுதல். வழக்கமான முறையில் 54 விழுக்காடும், காக்கும் முறையில் 95 விழுக்காடும் தகுதிக்கோட்டைத் தாண்டின. உண்மையில் எடுத்துப் பயன்படுத்தியவை 27 விழுக்காட்டிலிருந்து 54ஆக இரட்டித்தன. பெற்றவர்கள் ஆறு மாதம் உயிர்வாழ்ந்த விகிதத்தில் குறைவும் இல்லை. நிதி நின்றுபோனதால் அந்த ஆய்வு பாதியில் முடிந்தது என்ற குறை உண்டு. என்றாலும் அதில் பயன்பட்டவை எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஏற்கெனவே இருக்கும் வென்டிலேட்டரும் செவிலியரின் கவனமும் மட்டுமே. புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இங்கே இரண்டு தடைகள் எழுப்பப்படுகின்றன. நுரையீரலைக் காக்கத் திரவத்தைக் குறைத்தால் சிறுநீரகம் கெடும், ஒரே கொடையாளரின் இரண்டு சிறுநீரகங்கள் இரண்டு பேரின் வாழ்வு என்பது முதலாவது. நியாயமான கவலைதான். ஆனால் திரவத்தைக் கட்டுப்படுத்திய கொடையாளர்களின் சிறுநீரகங்களைப் பின்தொடர்ந்து 2010இல் ஸ்பெயினில் வெளியிட்ட ஆய்வில் அவற்றின் செயல்பாடு பாதிக்கப்படவில்லை. இரண்டாவது தடை அறம் சார்ந்தது: குடும்பம் சம்மதிக்கும் முன்பே கொடைக்காகச் சிகிச்சை செய்யலாமா? செய்யக் கூடாது. எனினும் சிறு மூச்சும் மூடிய உறிஞ்சுகுழாயும் உயிரோடு இருக்கும் தலைக்காய நோயாளிக்கும், மூளை அழுத்தத்தையும் கரியமில வாயு அளவையும் கவனித்தபடி, தரப்படும் நல்ல பராமரிப்பின் பகுதிதான். கொடைக்கென்றே செய்யும் மூச்சுக்குழாய் உள்நோக்கியும் விரித்தெடுக்கும் முயற்சிகளும் சம்மதத்துக்குப் பிறகு வரட்டும். அதற்கும் போதிய நேரம் கிடைக்கிறது. விபத்து வழக்குகளில் காவல்துறை விசாரணை, பிரேதப் பரிசோதனை ஏற்பாடு என்று எப்படியும் பல மணி நேரம் கடக்கிறது. அந்த நேரத்தில் நுரையீரலைச் சும்மா விடாமல் இருந்தால் போதும்.

இந்தச் சூழலில் மிக வலுவான தடை தொற்று. நம் நாட்டில் கொடையாளர்களில் பெரும்பகுதி இரு சக்கர வண்டி விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர்கள். வயதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாலையோரம் மயங்கிக் கிடக்கும்போதே வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம். பிறகு வென்டிலேட்டரில் பல நாள். இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கார்பபெனெம் மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் கிருமிகள் பரவலாக உள்ளன. சளியில் கிருமி தெரிந்தாலே ஒதுக்க வேண்டியதில்லை என்று மேலைநாட்டு ஆய்வுகள் சொல்வதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே கிடைக்கும் கிருமிக்கு மருந்து உண்டு. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை உண்ணும் நோயாளிக்கு இங்கத்திய கிருமி உயிராபத்து. எனவே இந்த ஓர் இடத்தில் மருத்துவரின் தயக்கத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தயக்கம் கேள்வியாக மாற வேண்டும்: எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்? காற்றறைகளைக் கழுவி எடுத்த நீரில் கிருமிகளின் மரபணுவையும் மருந்தெதிர்ப்பு மரபணுவையும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காட்டும் சோதனைகள் வந்துவிட்டன. காசநோய்க்கு நாடெங்கும் அரசுத் திட்டத்திலேயே புழங்கும் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாழும் நாட்டில் எக்ஸ்ரேயில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி தெரிவது வியப்பில்லை. அது ஆறிய தழும்பா, உயிருள்ள நோயா என்பதை மார்பின் சி.டி. ஸ்கேனும் இந்தச் சோதனையும் சேர்ந்தே சொல்ல முடியும். ஆறிய தழும்பென்றால் பெறுபவருக்குத் தடுப்பு மருந்து கொடுத்து முன்னேறலாம்.

புகையைப் பற்றிய கேள்விக்கு விடை, ஒப்பீட்டை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பிரிட்டனில் 2012இல் வெளிவந்த ஆய்வு 1,295 நுரையீரல் மாற்றுகளைப் பார்த்தது. அவற்றில் 39 விழுக்காடு புகைப்பழக்கம் இருந்தவர்களின் நுரையீரல். புகைக்காதவரின் நுரையீரலைப் பெற்றவரை விட, புகைத்தவரின் நுரையீரலைப் பெற்றவர் உயிர்வாழும் காலம் குறைவு, இதில் ஐயமில்லை. ஆனால் அதையும் பெறாமல் பட்டியலில் காத்திருந்தவரோடு ஒப்பிட்டால், பெற்றவருக்கே இறப்பு ஆபத்து குறைவு. பதிவு செய்த 2,181 பேரில் 802 பேர் மாற்று கிடைக்காமலே இறந்தார்கள் அல்லது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒரு நுரையீரலை மறுக்கும்போது நல்ல நுரையீரல் அடுத்து வரும் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறோம். நுரையீரல் இறுகிப்போகும் நார்த்திசு நோயாளிக்கு அந்த ‘அடுத்து’ வராமலும் போகலாம். பீடியும், விறகடுப்பும், நகரத்தின் வாகனப் புகையும் படிந்த நம் ஊர் நுரையீரல்களைத் திறந்து பார்த்தால் கரும்புள்ளிகள் தெரியும். கரும்புள்ளி வேறு, காற்றறைச் சுவர் உடைந்துபோன எம்ஃபைசீமா வேறு. முன்னதைக் கண்டு மருள வேண்டியதில்லை; பின்னதைக் கண்ணும் கையும் சேர்ந்து கண்டுபிடித்துவிடும்.

கையால் தொட்டறிவது இன்றும் கடைசிச் சொல். மார்பைத் திறந்தபின் அறுவையாளர் நுரையீரலை முழுக்க விரித்து, கட்டிகள் உண்டா என்று தடவிப் பார்த்து, காற்றை நிறுத்தினால் அது மென்மையாகச் சுருங்குகிறதா என்று கவனிக்கிறார். சுருங்க மறுத்தால் எம்ஃபைசீமாவோ மூச்சுக்குழாய் அடைப்போ என்று ஐயம் வரும்; ஈரப் பஞ்சுபோல் கனத்தால் நீர்க்கோவை. நான்கு நுரையீரல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் கெட்டது, எந்தப் பக்கம் நல்லது என்று பிரித்தறியலாம். ஒரு பக்கம் மட்டும் நன்றாக இருந்தால் அதை மட்டும் ஒருவருக்குப் பொருத்தலாம். அளவுப் பொருத்தமும் இங்கே சேர்கிறது. உயரத்தையும் பாலினத்தையும் வைத்துக் கணக்கிடும் மொத்தக் கொள்ளளவு, 170 செ.மீ. ஆணுக்கு ஏறத்தாழ 6.5 லிட்டர், 155 செ.மீ. பெண்ணுக்கு 4.4 லிட்டர். இது ஐரோப்பியரை அளந்து செய்த சூத்திரம். இந்தியரின் கொள்ளளவு இதைவிடக் குறைவு. ஆனால் கொடுப்பவர், பெறுபவர் இருவருக்கும் ஒரே சூத்திரம் என்பதால் விகிதம் பெரிதாகப் பிறழாது. நார்த்திசு நோயில் சுருங்கிய பெண்ணின் மார்புக்குள் அந்த ஆணின் நுரையீரல் அப்படியே அடங்காது. குறையில்லாத நுரையீரலும் தவறான ஆளுக்குத் தரமற்றதாகிவிடும்.

வெளியே எடுத்த நுரையீரலைப் பெர்ஃபாடெக்ஸ் போன்ற கரைசலால் கழுவி, 4 பாகை செல்சியஸ் அருகே குளிர்வித்துக் கொண்டுபோவது வழக்கம். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் இரத்தம் பாய வேண்டும். தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து பொம்மசந்திராவுக்கு நகரைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பதால், சாலையை ஒழித்துவிடும் பசுமை வழி பெங்களூருக்கு ஆடம்பரமல்ல. 2014 செப்டம்பரில் இங்கிருந்து சென்னைக்கு ஓர் இதயம் அப்படித்தான் விமானத்தில் போய்ச் சேர்ந்தது. நேர நெருக்கடியே அறுவையாளரை ‘ஐயம் வந்தால் விட்டுவிடு’ என்ற பக்கம் தள்ளுகிறது.

ஐயத்தைத் தீர்க்க நேரம் வாங்கித் தருவது உடலுக்கு வெளியே நுரையீரலை இயக்கும் முறை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் இதைத் தொடங்கினார். டொராண்டோவில் ஷஃப் கேஷவ்ஜியும் மார்செலோ சைப்பெலும் வளர்த்தெடுத்தார்கள். ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் உடல் வெப்பத்தில் சத்துக்கரைசலைப் பாய்ச்சி, மூச்சு கொடுத்து, நான்கு மணி நேரம் அளந்துகொண்டே இருப்பார்கள். 2011இல் வெளியான அவர்களது ஆய்வில், ஆபத்து மிகுந்தவை என்று கருதிய 23 நுரையீரல்களில் 20ஐப் பொருத்தினார்கள். கடுமையான தொடக்கச் செயலிழப்பு 15 விழுக்காடு. வழக்கமான நுரையீரல்களில் 30. அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறவில்லை என்றாலும், மோசமாகவில்லை என்பது தெளிவு. பிரிட்டனின் ஆய்வு ஒன்று இவ்வளவு நல்ல செய்தி தரவில்லை. போதிய பேர் சேராமல் நின்றுபோனது, உயிர்பிழைப்பும் சற்றுக் குறைவாகவே தெரிந்தது. இந்தியாவில் 2021 டிசம்பரில் செகந்திராபாத் கிம்ஸ் மருத்துவமனை இந்த வகையில் ஒரு நுரையீரலைப் பதப்படுத்திப் பொருத்தியதாக அறிவித்தது. செலவைப் பார்த்தால் ஒவ்வொரு மருத்துவமனையும் இதை வாங்குவது வீண். ஜீவசார்த்தகதேயின் கீழ் நகருக்கு ஒன்று என்று வைத்து, எல்லாக் குழுக்களும் பகிர்வது பொருத்தம். அதுவரை எளிய வழியும் இருக்கிறது: 10 பாகையில் வைத்தால் நுரையீரல் பனிக்கட்டிப் பெட்டியில் இருப்பதை விட நீண்ட நேரம் தாங்குகிறது என்று டொராண்டோ குழு 2023இல் பல மையங்களின் ஆய்வோடு காட்டியது. அறுவையைப் பகலுக்குத் தள்ளிவைக்கவும், சோதனை முடிவுக்குக் காத்திருக்கவும் அது இடம் கொடுக்கிறது.

பொருத்திய பிறகும் தரமறிதல் தொடர்கிறது. கொடையாளரின் சளி வளர்ப்புச் சோதனையின் முழு முடிவு இரண்டு, மூன்று நாள் கழித்தே வரும். அது கொடையாளர் இருந்த மருத்துவமனையின் ஆய்வகத்திலிருந்து, அறுவை நடந்த மருத்துவமனைக்கு அன்றே போய்ச் சேர வேண்டும். பெற்றவரின் மருந்து அதைக் கொண்டுதான் மாற்றப்படும். முதல் 72 மணி நேரத்தில் பி/எஃப் விகிதம் 200க்குக் கீழே விழுந்து, எக்ஸ்ரேயில் இரு பக்கமும் வெண்மை படர்ந்தால் அது மூன்றாம் நிலைத் தொடக்கச் செயலிழப்பு எனப் பதிவாகிறது. விட்டுவிட்ட நுரையீரல்களுக்கும் இதே அக்கறையோடு பதிவு வேண்டும்: மறுத்த மையம் எது, அப்போது இருந்த எண் என்ன, எந்த வென்டிலேட்டர் அமைப்பில் எடுத்தது, அதே நுரையீரலை வேறு ஊர் ஏற்றதா, ஏற்றிருந்தால் பெற்றவர் எப்படி இருக்கிறார். பெங்களூரின் 300 எங்கே நிற்க வேண்டும் என்று பெங்களூரே கணக்கிட்டுக்கொள்ள, இந்த ஐந்து விவரங்களும் சில ஆண்டுகள் சேர்ந்தால் போதுமானவை.